அரிமளத்துக்கு ஒரு நாள்: பட்டியலைக் குறைத்தால் பயணம் நிறையும்

'ஞாயிற்றுக்கிழமை எங்கயாவது போலாமா?' குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு கேள்வி விழுந்தால் போதும். பத்தே நிமிடத்தில் பட்டியல் தயாராகிவிடும். சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, புதுக்கோட்டை அருங்காட்சியகம், திருமயம் கோட்டை, அப்படியே பிள்ளையார்பட்டி, காரைக்குடி... எல்லாம் எழுதிய பிறகு யாராவது ஒருவர் கடைசியாகச் சேர்ப்பார்: 'டைம் இருந்தா நம்ம ஊரையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்.'

அந்தக் கடைசி வரிக்கு மட்டும் நேரம் இருப்பதே இல்லை. இருட்டிய பிறகு ஊர் எல்லையில் வண்டியைத் திருப்பி, 'அடுத்த தடவை பாத்துக்கலாம்' என்று சொல்லிவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் ஏராளம்.

நகரத்திலிருந்து கிராமத்துக்கு ஒரு நாள் போய்வருவது சுலபமான காரியம்தான். ஆனால் அதற்கு முதலில் கழித்தல் கணக்கு தெரிய வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தின் அரிமளத்தை வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

யார் வருகிறார்கள்?

இடங்களை எழுதுவதற்கு முன், வருகிறவர்களை எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, திருச்சியில் இருக்கும் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள், ஆறாம் வகுப்பு மகன். கூடவே, அரிமளத்தில் பிறந்து வளர்ந்த அப்பத்தா. வயது எழுபத்தைந்துக்கு மேல். முழங்கால் வலி. சர்க்கரைக்கு வேளை தவறாமல் மாத்திரை.

மகனுக்குக் கோட்டை மேல் ஏறி பீரங்கியைப் பார்க்க வேண்டும். மகளுக்குப் பழைய வீடுகளைப் படம் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு அன்றைக்கு ஒரு நாளாவது அடுப்படிக்கு விடுமுறை வேண்டும். அப்பாவுக்கு இருட்டுவதற்குள் நெடுஞ்சாலையைப் பிடித்துவிட வேண்டும். அப்பத்தாவின் ஆசை சின்னது: 'ஊருணிக் கரையில கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு வரணும்ப்பா. வேற ஒண்ணும் வேணாம்.'

இந்த ஐந்து ஆசைகளுக்கும் ஒரே நாளில் இடம் உண்டு. ஏழு இடங்களுக்குத்தான் இடம் இல்லை.

கடிகாரம் என்ன சொல்கிறது?

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை சுமார் 55 கி.மீ. அங்கிருந்து தெற்கே காரைக்குடி சாலையில் திருமயம் சுமார் 20 கி.மீ. திருமயத்திலிருந்து கிழக்கே திரும்பி, கடியாபட்டி வழியாக அரிமளம் போனால் இன்னும் 15 கி.மீ.க்குச் சற்று மேல். அரிமளத்திலிருந்து நேராக வடக்கே புதுக்கோட்டைக்கு ஏறக்குறைய 20 கி.மீ. பிறகு வந்த வழியே திருச்சி. போன பாதையிலேயே திரும்பாமல் ஒரு வட்டம் போட்டு வந்தால் மொத்தம் 170 கி.மீ. அளவில் முடிந்துவிடும்.

காலை 6 மணிக்குக் கிளம்பி இரவு ஏழரைக்கு வீடு திரும்புவதாக வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது பதின்மூன்றரை மணி நேரம். கிராமச் சாலையில் வேகம் குறையும் என்பதால் ஓட்டத்துக்கு மட்டும் நாலரை மணி நேரம் போகும். சாப்பாடு, காபி, மதிய ஓய்வுக்கு இரண்டரை. யாரும் கணக்கில் எழுதாத நேரம் ஒன்று உண்டு: வண்டி நிறுத்த இடம் தேடுவது, செருப்பைக் கழற்றி மாட்டுவது, கழிப்பறை, 'தண்ணி பாட்டில எங்க வெச்ச?' அதற்கு ஒரு மணி நேரம்.

மிச்சம் ஐந்தரை மணி நேரம். ஓர் இடத்தை நின்று பார்க்க ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். ஆக, மூன்று இடங்கள். அதற்கு நாலரை மணி நேரம் போக, ஒரு மணி நேரம் கையிருப்பு. டயர் பஞ்சர் ஆனாலும், அப்பத்தாவின் பால்ய சிநேகிதி வழியில் எதிர்ப்பட்டாலும் அந்தக் கையிருப்புதான் காப்பாற்றும்.

இன்னொரு விஷயம். நம் ஊர்க் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி, மாலை நாலு மணிவாக்கில்தான் திறக்கும். பட்டியலில் நாலு கோயில் இருந்தால், அதில் இரண்டைப் பூட்டிய கதவாகத்தான் பார்க்க நேரும்.

சித்தன்னவாசல் ஓவியங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருக்கின்றன. அடுத்த மாதம் போனாலும் இருக்கும். அப்பத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வயதில் அரிமளத்தில் இருக்கும் மனிதர்கள் அப்படியல்ல. இந்த ஒரு நாளில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்ய இது போதும்.

காலை: குதிரைகளும் கோட்டையும்

புதுக்கோட்டையில் காலை டிபன். இந்த ஊரின் பேர்போன பண்டமான முட்டை மாஸைச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பவர்கள், அதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம். காலையில் இட்லி, பொங்கலோடு நிறுத்துவது கோட்டைப் படிகளுக்கு நல்லது.

புதுக்கோட்டையைத் தாண்டித் தெற்கே போகும்போது வெள்ளாறு குறுக்கிடும். ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல்தான் தெரியும். பழைய நாளில் சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாகச் சொல்லப்பட்ட ஆறு இது. பாலத்தைக் கடக்கும்போது, 'இப்ப சோழ நாட்டுலேர்ந்து பாண்டிய நாட்டுக்கு வந்துட்டோம்' என்று சொன்னால், பின் இருக்கையில் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் பையன் நிமிர்ந்து பார்ப்பான்.

சற்றுத் தள்ளி நமணசமுத்திரம். இங்குள்ள அய்யனார் கோயிலில் வரிசை வரிசையாக மண் குதிரைகள் நிற்கின்றன. வேண்டுதல் நிறைவேறினால் குதிரை செய்து வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அதற்கென்றே புரவி எடுப்புத் திருவிழாவும் உண்டு. புதிதாக வண்ணம் பூசிய குதிரைக்குப் பக்கத்திலேயே கால் உடைந்து மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருக்கும் குதிரை நிற்கும். உடைந்ததை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. இருபது நிமிடம் போதும். குதிரை மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பது மட்டும் கூடாது. அவை பொம்மைகள் அல்ல, யாரோ ஒருவரின் நேர்த்திக்கடன்.

அடுத்து திருமயம். திருமெய்யம் என்பதே பேச்சுவழக்கில் திருமயம் ஆயிற்று. மெய் என்றால் சத்தியம். அதனால்தான் இங்கே பெருமாள் சத்தியமூர்த்தி, சிவன் சத்தியகிரீஸ்வரர். ஒரே குன்றின் சரிவில் அடுத்தடுத்துக் குடைந்த இரண்டு குடைவரைக் கோயில்கள். பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாளின் நீளத்தை ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

இப்படிச் சுவரோடு சுவராக இருந்த இரண்டு கோயில்களுக்கும் ஒரு காலத்தில் தகராறு. 1245-ல் ஹொய்சாள தளபதி ஒருவர் முன்னிலையில் பேசித் தீர்த்து, அந்தத் தீர்ப்பைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள். பங்காளித் தகராறு எந்த வீட்டில் இல்லை? தீர்த்து எழுதி வைத்ததுதான் இங்கே விசேஷம்.

கோயிலுக்கு மேலே கோட்டை. 1687-ல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டியது. ஊமைத்துரை இங்கே மறைந்திருந்தார் என்ற செவிவழிச் செய்தியால் 'ஊமையன் கோட்டை' என்றும் பெயர். உச்சியில் பீரங்கி நிற்கிறது. ஏறும் வழியில் பாறையைக் குடைந்து உள்ளே ஒரு சிவலிங்கம்.

இங்கேதான் குடும்பம் இரண்டாகப் பிரிய வேண்டும். அப்பத்தாவும் அம்மாவும் கீழே கோயிலில் நிதானமாகச் சேவிக்கட்டும். மற்ற மூவரும் வெயில் ஏறுவதற்கு முன் கோட்டைக்கு ஏறி இறங்கிவிட்டு, நடை சாத்துவதற்குள் கோயிலுக்கு வந்து சேர்ந்துகொள்ளலாம். 'எல்லாரும் ஒண்ணாதான் போகணும்' என்று பிடிவாதம் பிடித்தால் ஒன்று அப்பத்தாவின் முழங்கால் வீங்கும், அல்லது பையனின் முகம் வீங்கும்.

கிளம்பும்போது சாலையோரம் கோட்டைச் சுவரில் இருக்கும் கோட்டை பைரவரையும் பார்த்துவிடலாம். இந்தப் பாதையில் போகிற வண்டிகள் நின்று கும்பிட்டுப் போகும் இடம் இது.

திருமயத்தில் பிறந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. காமராஜரின் அரசியல் குரு. சென்னை மேயராக இருந்தபோது நகரத்தின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கத் திட்டத்தைக் கொண்டுவந்தவர். 1940-ல் அடிக்கல் நாட்டினார்கள். அந்த நீர்த்தேக்கத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். மழையை நம்பி வாழ்கிற மண்ணில் பிறந்தவருக்குத் தண்ணீரின் அருமை தெரிந்திருந்ததில் ஆச்சரியம் இல்லை. அந்த மண் எப்படிப்பட்டது என்பதை இனி வரும் சாலையே காட்டிவிடும்.

கடியாபட்டி வழியாக

திருமயத்தை விட்டுக் கிழக்கே திரும்பியதும் சாலை ஒடுங்கும். ஆடு, மாடு, மயில் எல்லாம் குறுக்கே வரும். அறுவடைக் காலமென்றால் சாலையிலேயே நெல்லோ எள்ளோ காயும். காய்கிற தானியத்தின் மேல் வண்டியை ஏற்றாமல் ஓரமாக மெதுவாகப் போக வேண்டும். ஹாரனுக்கு இங்கே வேலை குறைவு.

ராமச்சந்திரபுரம் என்ற கடியாபட்டியும் அரிமளமும் நகரத்தார் வாழும் ஊர்கள். செட்டிநாடு என்றால் காரைக்குடியோடு முடிந்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குள் இருந்த ராயவரம், பனையப்பட்டி, குழிபிறை, விராச்சிலை போன்ற ஊர்களும் அதே மரபைச் சேர்ந்தவைதான். பர்மா தேக்குத் தூண்கள், சுண்ணாம்புப் பூச்சில் மினுங்கும் சுவர், முகப்பு, வளவு, பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள். கடியாபட்டியில் அப்படிப்பட்ட ஒரு வீடு, சிதம்பர விலாஸ், இப்போது பாரம்பரிய ஹோட்டலாக நடக்கிறது. அங்கே மதிய உணவு வேண்டுமென்றால் முன்கூட்டியே பேசி விலையும் கேட்டுக்கொள்வது நல்லது.

பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பங்குதாரர்கள் பல பேர். சென்னையில் சிலர், சிங்கப்பூரில் சிலர். பராமரிக்க முடியாமல் போன வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேருகின்றன. மகள் படம் எடுக்க ஆசைப்படுவது இந்த முகப்புகளைத்தான். தெருவிலிருந்து எடுக்கலாம். திண்ணையில் ஆள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே நுழைவது கூடாது. கேட்டால் பெரும்பாலும், 'வாங்க, உள்ள வந்து பாருங்க' என்றுதான் பதில் வரும்.

மதியம்: சாப்பாடும் சொந்தமும்

அரிமளம் ஒரு பேரூராட்சி. ஒன்றியத் தலைமையிடமும்கூட. கடைத்தெரு உண்டு, டீக்கடை உண்டு, சின்ன மெஸ்கள் உண்டு. ஆனால் ஐந்து பேர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து மெனு கார்டு பார்க்கும் ஊர் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு மூன்று வழிகள்: கடியாபட்டியில் சொல்லிவைப்பது, உள்ளூர் மெஸ்ஸில் பன்னிரண்டரைக்குள் போய்விடுவது, அல்லது கட்டுச்சோறு.

கட்டுச்சோறு என்றால் அம்மாவின் விடுமுறை போய்விடுமே? முதல் நாள் இரவு புளியோதரையை அப்பா கிளறட்டும். தயிர்சாதத்தை மகள் பிசையட்டும். வறுத்த மோர்மிளகாயும் வடுமாங்காயும் பாட்டிலில் ஏற்கெனவே இருக்கும். வேலையைப் பிரித்துக்கொண்டால்தான் சுற்றுலா எல்லோருக்கும் சுற்றுலா.

சொந்தக்காரர் வீடு இருக்கிறதே என்று சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பதுதான் பெரிய தவறு. அந்த வீட்டிலும் வயதானவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். திடீரென ஐந்து பேர் வந்தால், அடுப்பில் உலை வைத்து, கோழிக்கு ஆள் அனுப்பி, பக்கத்து வீட்டில் பால் வாங்கி, வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு மட்டும் நேரம் இல்லாமல் போகும். இரண்டு நாள் முன்பே போன் செய்து, 'சாப்பிட்டுட்டுதான் வருவோம் சித்தி, சாயங்காலம் உங்க கையால காபி மட்டும் போதும்' என்று சொல்லிவிடலாம். கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. பேசுவதற்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். கையில் பழம், பிஸ்கட்டோடு அவர்களுக்குத் தேவையான மருந்து மாத்திரை ஏதும் நகரத்திலிருந்து வாங்கி வர வேண்டுமா என்றும் கேட்டு வைக்கலாம். பலகாரத்தைவிட அது உதவும்.

பூர்வீக வீட்டின் பங்கு, பட்டா, பாகப்பிரிவினை இவற்றைப் பேச இந்த நாள் ஏற்றதல்ல. அதற்கு வேறு நாள், வேறு ஆட்கள்.

சாப்பிட்டதும் ஓட்டுநருக்கு அரை மணி நேரத் தூக்கம் கட்டாயம். திண்ணையோ, மர நிழலில் நிறுத்திய வண்டியோ, எதுவானாலும் சரி. வண்டியில் தூங்குவதானால் கண்ணாடியைத் திறந்து வைக்க வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் ஊர்க்கதை கேட்கலாம்.

மாலை: அரிமளத்தில் இரண்டு மணி நேரம்

மூன்றரை மணிக்கு வெயில் தணியத் தொடங்கும். இனி வண்டியைத் தொடக் கூடாது. நடைதான்.

முதலில் ஊருணி. அப்பத்தா தலைமுறைக்கு ஊருணி என்பது குடிதண்ணீர். அதில் துணி துவைப்பதோ மாட்டை இறக்குவதோ கூடாது என்ற கட்டுப்பாடு செட்டிநாட்டுப் பக்கத்து ஊர்களில் இருந்தது. மழைநீர் வரத்துக்கால் வழியாக வந்து சேரும். படியில் குடம் வைக்கும் இடம், கரையில் பிள்ளையார். அப்பத்தா உட்கார ஒரு பழைய போர்வையை மடித்து எடுத்துப் போகலாம். பேரனும் பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: 'இங்கருந்து ஒங்க வீட்டுக்கு எத்தன குடம் தூக்குவீங்க?' பதிலுக்கு அரை மணி நேரமாகும். போனில் குரல்பதிவைப் போட்டு வைத்துவிட்டால், பிற்பாடு வீட்டில் அதைவிடப் பெரிய சொத்து இருக்காது.

அடுத்தது, பிள்ளைகளுக்கு ஓர் ஆச்சரியம். தமிழகப் பள்ளிகளில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து, மனோன்மணீயம் நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1891-ல் வெளிவந்த அந்த நாடகத்தை எழுதியவர் பெ.சுந்தரம் பிள்ளை. அவருடைய ஞானகுரு கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அந்தத் துறவி 1878-ல் சமாதியடைந்தது அரிமளத்தில். அவருடைய அதிஷ்டானம் இங்கேதான் இருக்கிறது. நாடகத்தில் வரும் சுந்தர முனிவர் என்ற பாத்திரம் இந்தக் குருவை நினைவூட்டுவதுதான்.

தினமும் பள்ளியில் பாடும் பாட்டுக்கும் அப்பத்தாவின் ஊருக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது என்று தெரிந்தால், ஆறாம் வகுப்புப் பையனுக்குத் திங்கட்கிழமை சொல்ல ஒரு கதை கிடைத்துவிடும். அதிஷ்டானம் ஆரவாரம் இல்லாத இடம். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவதே அதற்குச் செய்யும் மரியாதை.

மூன்றாவது, கண்மாய்க் கரை. புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதிக்குப் பெரிய ஆற்றுப் பாசனம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாயில் பிடித்து வைத்துத்தான் விவசாயம். அரிமளத்தைச் சுற்றி வரும்போது சாலையோரம் நீளமாகத் தைலமரக் காடுகளைப் பார்க்கலாம். காகிதக் கூழுக்காக வளர்க்கப்படும் யூகலிப்டஸ். அந்தத் தோட்டங்களுக்குள் போடப்பட்ட வரப்புகள் மழைநீரைத் தடுத்துவிடுவதால் கண்மாய்களுக்கு வரத்து குறைந்துவிட்டது என்று இந்தப் பகுதி விவசாயிகள் நெடுங்காலமாகப் போராடி வருகிறார்கள். காகிதம் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. கண்மாய்க்குத் தண்ணீரும் வேண்டியிருக்கிறது. வண்டிச் சன்னலில் 'ஆகா, எவ்வளவு பசுமை!' என்று தெரிகிற காட்சிக்குப் பின்னால் இப்படி ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கிறவரிடம், 'இந்த வருஷம் மறுகால் பாஞ்சுச்சாங்கய்யா?' என்று கேட்டுப் பார்க்கலாம். எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லாததை அவர் சொல்வார்.

கடைசியாக, காசு. ஒரு நாள் முழுக்க ஊரின் நிழலில் இருந்துவிட்டு, தண்ணீர் பாட்டில் முதல் முறுக்கு வரை நகரத்திலிருந்தே கொண்டுவந்து, பிளாஸ்டிக் உறையை மட்டும் இங்கே விட்டுப் போவது நியாயமில்லை. டீயும் வடையும் இங்கே சாப்பிடலாம். கடைத்தெருவில் எள்ளோ, உளுந்தோ, நாட்டுக் காய்கறியோ கிடைத்தால் வாங்கலாம். கோடையில் நுங்கும் பலாவும் கிடைக்கும். குப்பை, வந்த வண்டியிலேயே திரும்ப வேண்டும்.

இருட்டுவதற்குள்

ஐந்தரைக்கு அரிமளத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். இந்த ஒன்றை மட்டும் தளர்த்தவே கூடாது. இருட்டில் விளக்கில்லாத சைக்கிள், சாலையில் படுத்திருக்கும் மாடு, எதிரே கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம், நாள் முழுக்க வெயிலில் அலைந்த ஓட்டுநர். விபத்துக்கு இவை போதும். புதுக்கோட்டை வரையிலான கிராமச் சாலையைப் பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிட்டால், அங்கே காபி குடித்துக் கால் நீட்டிவிட்டு நெடுஞ்சாலையில் நிதானமாகத் திரும்பலாம்.

கொட்டாவி வரத் தொடங்கினால், பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது தீர்வு அல்ல. வண்டியை நிறுத்த வேண்டும். முடிந்தவரை ஓட்டத் தெரிந்த இரண்டு பேர் இருப்பது நல்லது. பின் இருக்கையிலும் சீட் பெல்ட் அவசியம், அப்பத்தாவுக்கும்தான்.

முதல் நாள் இரவு சரிபார்க்க

டயர் காற்று, ஸ்டெப்னி, ஃபாஸ்டேகில் பணம். சில்லறையாக ரொக்கம், எல்லாக் கடையிலும் சிக்னல் எடுக்கும் என்று நம்பக் கூடாது. போனில் பாதையை முன்கூட்டியே இறக்கி வைப்பது நல்லது. வரைபடம் குறுக்குவழி காட்டினாலும், டீக்கடையில் ஒருமுறை கேட்டுக்கொண்டு திரும்பலாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தொப்பி, குடை. அப்பத்தாவின் மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து, டிக்கியில் போடாமல் கைப்பையில் வைக்க வேண்டும். அவசரமென்றால் 108. புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு 12 லிட்டர் எரிபொருள் தாராளம். சுங்கக் கட்டணம், கோட்டை நுழைவுக் கட்டணம், டிபன், காபி சேர்த்தாலும் ஐந்து பேருக்கு ஒரு மால் சினிமாவும் பாப்கார்னும் கேட்கிற தொகையை ஒட்டித்தான் வரும்.

எப்போது, யார், எப்படி?

மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். மழை முடிந்து கண்மாயில் தண்ணீர் இருக்கும். தை மாதத்தில் இந்த மாவட்டத்தில் ஜல்லிக்கட்டு களைகட்டும். அந்த நாட்களில் சாலைகளில் கூட்டம் அதிகம், தேதி விசாரித்துக்கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசியில் வருவதானால் கோட்டையை விட்டுவிடுவதே உத்தமம்.

கார் இல்லாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்தும் உண்டு, ரயிலும் உண்டு. அங்கிருந்து அரிமளத்துக்குப் பேருந்து. திருமயத்தை விட்டுவிட்டு அரிமளம் மட்டும் போனால் நாள் இன்னும் நிதானமாக இருக்கும். இறங்கும்போதே கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது முக்கியம்.

தஞ்சாவூரிலிருந்து வருகிறவர்களுக்கும் புதுக்கோட்டை ஏறக்குறைய அதே தூரம்தான். வழியில் ஆதனக்கோட்டையில் வறுத்த முந்திரி வாங்கிக்கொள்ளலாம். சென்னைக்காரர்களுக்கு இது ஒரு நாள் பயணம் அல்ல. இரவு ரயிலில் வந்து புதுக்கோட்டையில் வண்டி எடுத்துக்கொள்வதே சரி.

ஒரு பார்வையில்

காலை 6.00: திருச்சியில் கிளம்புதல்
7.15: புதுக்கோட்டையில் டிபன்
8.20: நமணசமுத்திரம் அய்யனார் கோயில்
9.00: திருமயம், மேலே கோட்டை, கீழே கோயில்கள்
11.15: கடியாபட்டி தெருக்களில் ஒரு நடை
12.15: அரிமளம், மதியச் சாப்பாடு, ஓய்வு, ஊர்க்கதை
3.30: ஊருணி, அதிஷ்டானம், கண்மாய்க் கரை, உறவினர் வீட்டுக் காபி
5.30: அரிமளத்தில் கிளம்புதல்
6.15: புதுக்கோட்டையில் இளைப்பாறல்
7.30: திருச்சி

கூடக் குறைய ஆனால், குறைக்க வேண்டியது கடியாபட்டியையோ நமணசமுத்திரத்தையோதான். மூன்றரை மணி வரிசையில் கை வைக்கக் கூடாது. சித்தன்னவாசலும் நார்த்தாமலையும் சேர்ந்து இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. குடுமியான்மலைக்கும் அருங்காட்சியகத்துக்கும் வேறொன்று, ஆனால் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது நினைவிருக்கட்டும். அந்தப் பயணங்களுக்கு அவசரமில்லை. அப்பத்தாவிடம் தேதி கேட்டு, அரிமளத்தை முதலில் முடிவு செய்துவிடலாம்.